ஆல்தோவுக்குப் பின்னால் ஒரு பட்

சித்தேரி
5.8.2024

அன்புள்ள அமுதா,

நலமா? இங்கே டவர் கிடைப்பதில்லை. அதனால்தான் பஸ் கண்டக்டரிடம் இந்தக் கடிதம். பன்னிரண்டாம் தேதி தருமபுரியில் நாற்பது ஆசிரியர்கள் முன் மாதிரி வகுப்பு எடுக்க என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பாடம், ஆங்கிலத்தில் முரணைக் காட்டும் இணைப்புச் சொற்கள்: பட், ஆல்தோ, ஹவெவர். அட்டைகளில் எழுதப்போகும் வாக்கியங்களை இதோடு வைத்திருக்கிறேன். நீ ஒருமுறை பார்த்தால்தான் எனக்குத் தைரியம்.

உன் ராமு


நல்லம்பள்ளி
8.8.2024

அன்புள்ள ராமு,

சந்தோஷம். ஆசிரியர் பயிற்சியில் ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண் எனக்கு. நீ என் நோட்டைப் பார்த்துப் படித்தவள். இப்போது மேடை உனக்கு. எங்கள் தலைமையாசிரியை நிர்மலாதேவி, "மலைமேல இருக்கறவங்களக் கூப்புடறாங்க, உங்களக் கூப்புடலீங்களா?" என்று எல்லோர் முன்னும் கேட்டார். சிரித்து வைத்தேன். அந்த ஊதாப் புடவையைக் கட்டாதே, உனக்கு எடுக்காது.

வாக்கியங்களைப் பார்த்தேன். எல்லாம் சரி. ஒன்றையும் மாற்றாதே.

அமுதவல்லி


சித்தேரி
14.8.2024

அன்புள்ள அமுதா,

'ஆல்தோ இட் ரெயின்ட், பட் த பஸ் கேம்' என்ற அட்டையை ஒட்டியதும் பயிற்சியாளர் மாதவராஜ் எழுந்தார். "ஆல்தோ போட்டா பட் எதுக்குங்க? ரெண்டுல ஒண்ணு போதும். புள்ளைங்களுக்கும் இப்படித்தான் சொல்லித் தர்றீங்களா?" நாற்பது பேரும் சிரித்தார்கள். ஆறு வருடமாக அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அமுதா.

"யார்கிட்டயும் காட்டலீங்களா?" என்றார். "இல்லீங்க" என்றேன். உன் பெயர் எதற்கு அங்கே அடிபட வேண்டும்? நீயும் கவனிக்காமல் விட்டிருப்பாய். வருத்தப்படாதே.

உன் ராமு


நல்லம்பள்ளி
19.8.2024

ராமு,

நான் கவனிக்காமல் விடவில்லை. முதல் வாசிப்பிலேயே அந்தப் பட் கண்ணில் பட்டது. அடிக்க எடுத்த சிவப்புப் பேனாவை மூடிவிட்டேன். என் இடத்தில் நீ நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. பன்னிரண்டாம் தேதி காலை முழுக்கக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சறுக்கிய செய்தி வந்ததும், மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். நீ என் பெயரைச் சொல்லவில்லை என்று படித்த பிறகு சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நேரில் திட்டு.

அமுதா


சித்தேரி
22.8.2024

அமுதா,

வராதே.

உனக்குத் தெரிந்திருக்கும் என்று அன்று மலை பஸ்ஸில் வரும்போதே தோன்றியது. ஆங்கிலத்தில் உன் கண்ணுக்கு எதுவும் தப்பி நான் பார்த்ததில்லை. அப்படி நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டுதான் போன கடிதத்தை எழுதினேன். நீ எழுதாமல் இருந்திருந்தால் கடைசிவரை உன்னை நம்பியிருப்பேன்.

அடுத்த மாதம் அதே பாடத்தை மறுபடியும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எடுக்கப்போகிறேன். வாக்கியங்களை இங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறேன். தப்பு இருந்தால் அவர்கள் சொல்வார்கள்.

நல்லபடியாக இரு.

ராமக்காள்