சஷ்டி வாரத்து நண்டு

21 அக்., செவ்வாய். அமாவாசை

மழை. தீபாவளிச் சட்டி இரண்டும் இன்னும் சிங்கில். இறைச்சி வாசம் போகட்டும் என்று யன்னலைத் திறந்து வைத்து வீடே குளிர்ந்து போய்க் கிடக்கிறது.

செய்ய: அடுப்பு துடைக்க. சாமி அறை. பால், வாழைப்பழம், மரக்கறி. பேக்கரி ஷிப்ட் மாற்றித் தரச் சொல்லி மேனேஜரைக் கேட்க.

மத்தியானம் மகள் ஆரணியின் போன். முதல் லண்டன் ஓடர் கிடைத்துவிட்டது. உயிர் நண்டு, ஒரு பலட் முழுக்க அடுக்கின பெட்டிகள். எங்கள் மனோர் பார்க் ராசன் அண்ணையின் மீன்கடைக்கு. நாளைக்கு லொறி ஏறும், வியாழன் இங்கே.

அடுப்புத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே அரை மணித்தியாலம் கதைத்திருப்பேன்.

என் பிள்ளை அயர்லாந்தில், அந்த டொனிகோல் துறைமுக ஊரில், மீனவர் கூட்டுறவில் விற்பனை வேலை. ஒப்பந்தம் கிறிஸ்மஸ் வரைக்கும்தான். லண்டனுக்கு லொறி வாராவாரம் ஓடும் என்று காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து, அப்பா பார்த்து வைத்திருக்கிற கவுன்சில் வேலை. அந்த வேலையைப் பற்றிக் கேட்டாலே அவளுக்குக் குரல் மாறும்.

அந்த ஊர் நண்டு இவ்வளவு காலமும் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும்தான் போனது. “லண்டன்ல எங்கட சனம் இருக்கு, முழு நண்டும் வாங்கும், காலைக்கூட விடாது” என்று கூட்டத்தில் எழும்பிச் சொன்னவள் இவள். அத்தனை படகுக்காரருக்கும் நடுவில். எனக்கு என்றால் வாய் வந்திராது.

இவரிடம் சொன்னேன். பேப்பரில் இருந்து தலை நிமிரவில்லை. “நல்லது. ஆக்களுக்குச் சொல்லித் திரியாதை.”

ஆட்களுக்கு அவள் ‘மரைன் சயன்டிஸ்ட்’. படித்தது அதுதான், பொய் இல்லை. விற்கிறது மீன் என்பதுதான் இவர் வாயில் வராது. எங்கள் ஆட்களுக்கு மீன் வேண்டும், மீன்காரர் வேண்டாம்.

22, புதன்

கந்த சஷ்டி விரதம் தொடக்கம். விடியக் குளித்து கோயிலுக்கு. காப்புக் கட்ட நீள வரிசை. எனக்கு நாலு பேர் முன்னால் வேட்டி சால்வையோடு ராசன் அண்ணை. திரும்பினார். நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் உறைத்தது.

“தங்கச்சி, நண்டு எண்டைக்கு வருது?”

“நாளைக்கு அண்ணை.”

“நாளைக்கு ஆர் சாப்பிடுறது?”

சஷ்டி ஆறு நாளும் கடையில் பாதி ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து வைக்கிற மனிசன். நான் போன கிழமையில் இருந்தே விரதச் சாமான் வாங்குகிறேன். ஆரணி பள்ளிக்கூடத்துக்குப் பாலும் பழமும் கொண்டுபோய் விரதம் இருந்தவள். மூன்று பேரில் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. நல்ல சைவக்காரர்.

செருப்பு வைக்கிற இடத்தில் நின்று ஆரணிக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் காற்றும் கடற்பறவையும் இரைய, அதுக்கு மேலால் அவள் குரல்.

“அம்மா, போட் வந்திட்டுது. எல்லாம் இறக்கியாச்சு. கிவ் மீ அன் அவர்.”

அந்த ஒரு மணித்தியாலம் இன்னும் முடியவில்லை. பொழுதும் பட்டுவிட்டது. இன்றைக்கு விரதம் இல்லாவிட்டாலும் சோறு இறங்கியிராது.

23, வியாழன்

காலை ஏழுக்கு அழைத்தாள். வழி பார்த்துவிட்டாள்.

நண்டு காத்திருக்குமாம். ஓட்டை போட்ட பெரிய பெட்டிகளில் போட்டு, துறைமுகத்துக் கடலுக்குள்ளேயே இறக்கிக் கயிற்றில் கட்டி வைப்பார்களாம். விலை சரியில்லாத நேரம் அங்கே எல்லோரும் செய்கிறதுதான். தீன் போடுவதில்லை. ஒரு கிழமைக்குச் சதை வற்றாது.

“அப்ப நண்டும் எங்களோட சஷ்டி பிடிக்குது” என்றேன். சிரித்தாள்.

நண்டு பிடித்த படகு மார்ட்டின் என்கிற கத்தோலிக்கனுடையது. அவனுக்கு விரதத்தை விளங்கப்படுத்தவே நெடுநேரமாம். “நீங்கள் விரதமெண்டால் மீனை விடுறனீங்களோ? நாங்கள் விரதமெண்டால் மீனைத்தான் தின்னுறனாங்கள்” என்றானாம். ஆனால் பெட்டி தந்தது அவன்தான்.

பிறகு ராசன் அண்ணையின் கடை. வாங்க ஆளில்லை. கத்திகளைத் தீட்டிக்கொண்டு இருந்தார்.

“விரதம் முடிய நிலவு வந்திடும், தங்கச்சி. நிலவு நண்டு உள்ளுக்குச் சதையில்லாத வெறுங்கோது. எங்கட சனம் தொட்டும் பாராது.”

அங்கிருந்தே ஆரணிக்குப் போன் எடுத்துக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் அவள்: “அண்ணை, வாற புதன்தான் நீங்கள் விப்பீங்கள். ஆனா பிடிச்சது அமாவாசைக்கு. அண்டைக்கு இருந்த சதைதான் புதனும் இருக்கும்.”

கத்தியைக் கீழே வைத்தார். “அது ஞாயம். கொண்டு வரட்டும். உடைச்சுப் பாப்பன். வெறுங்கோதெண்டால் ஒண்டும் எடுக்கமாட்டன், அதுக்குப் பிறகு அடுத்த லொறியும் இல்லை.”

25, சனி

இங்கே மழை மட்டும். அங்கே புயல்.

வீடியோவில் காட்டினாள். பெரிய படகுகள் எல்லாம் தோளோடு தோள் உரசிக் கட்டிக் கிடக்கின்றன. ஐஸ் செய்கிற கட்டடத்தின் தகரம் அடிக்கிறது. கொட்டிலுக்குள் ஆட்கள் கிழிந்த வலை பொத்துகிறார்கள். பக்கத்துத் தொழிற்சாலையில் வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள் வாசலில் நின்று தேத்தண்ணி. யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், ‘ஆரன்னி’ என்று. மஞ்சள் கோட்டுக்குள் என் பிள்ளை ஒரு கையில் போன், மறு கையில் நண்டுப் பெட்டிக் கயிறு. தலைமயிர் முழுக்க முகத்தில். எவ்வளவு வடிவு.

இவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

“உந்தக் கயிறு காணுமோ?”

“டபுளாக் கட்டினனாங்கள் அப்பா.”

“ம்.” போய்விட்டார். பிறகு போனில் அயர்லாந்து வானிலை பார்த்துக்கொண்டு இருந்தார். கண்டும் காணாத மாதிரி இருந்தேன்.

பின்னேரம் போனில் வெம்பிளி மச்சாள், இவருடைய தங்கச்சி. தன் மருமகனின் புதுக் கார், சமையலறை உடைத்துக் கட்டின கதை எல்லாம் முடித்து, “ஆரணி இப்ப என்ன செய்யிறா?”

“நண்டு விக்கிறாள்.”

“என்னது?”

“நண்டு, மச்சாள். உயிரோட. புதன் வருது, வேணுமெண்டால் சொல்லுங்கோ.”

“எங்கட இவருக்குக் கொலஸ்ட்ரோல்...”

வைத்துவிட்டேன். இவர் கதவடியில். “ஏன் அப்பிடிச் சொன்னனீ?”

“வேற எப்பிடிச் சொல்லுறது?”

டிவிச் சத்தத்தைக் கூட்டினார். சொன்னதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. வயிறு பசித்தது, அவ்வளவுதான்.

27, திங்கள். சூரன் போர்

கோயிலில் கால் வைக்க இடமில்லை. சூரன் தலை மாறுகிற நேரம் எல்லோரும் கைகூப்ப, நான் பையில் போன் அதிர்கிறதா என்று தடவிக்கொண்டு நின்றேன். முருகன் கோபிக்கமாட்டான்.

ஆறு மணிக்கு அழைப்பு. சனி இரவு அலையில் மூன்று பெட்டி அறுந்து போனது. மிச்சம் பத்திரம். ஒரு நண்டை அவித்துப் பார்த்திருக்கிறாள். “ஃபுல், அம்மா. மூடியைத் திறக்கத் ததும்புது.” மற்றதெல்லாம் ஈரச்சாக்குப் போட்டு லொறி ஏறிவிட்டது. கப்பலுக்குப் போகிறது.

“பயமா இருக்கோ?”

“ஓம்” என்றாள். இந்த வேலைக்குப் போனதில் இருந்து அவள் இதைச் சொன்னதே இல்லை.

இவருக்குச் சொன்னேன். “மூண்டு பெட்டிதானே” என்றார். தனக்குச் சொன்னாரோ எனக்குச் சொன்னாரோ.

28, செவ்வாய்

விரதம் முடித்துப் பாறணை. அகத்திக்கீரை கிடைக்கவில்லை, பசளிதான். எனக்கு ருசியே தெரியவில்லை.

29, புதன்

லீவு. எட்டு மணிக்குக் கடையில். இவர் லைப்ரரிக்குப் போகிறேன் என்றார். தீபாவளிச் சட்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

லொறி விடியவே இறக்கிவிட்டுப் போய்விட்டது. விரதம் முடித்த சனம், கடை வாசல்வரை. ராசன் அண்ணை முதல் பெட்டியைத் திறந்து சாக்கைத் தூக்கினார். கால் அசைகிறது, கண் அசைகிறது. முன்னால் நின்ற அக்கா ஒருவர் குனிந்து பார்த்தார்.

“வடிவாத்தான் இருக்கு. ஆனா நிலவு வளருது, அண்ணை. உள்ளுக்கு ஒண்டும் இராது.”

பின்னால் நாலைந்து தலை ‘ஓம் ஓம்’ என்று ஆடியது. ராசன் அண்ணை என்னைப் பார்த்தார். மச்சாளுக்குச் சொன்ன வாய் எங்கே போனதோ.

“இது அமாவாசை நண்டு.”

வாசலில் இருந்து. இவர். ஆட்களை விலக்கிக்கொண்டு நேரே பெட்டிக்கு வந்தார். கோயிலில் கூடத் தள்ளி நிற்கிற மனிசன்.

“அமாவாசைக்குப் பிடிச்சு, சஷ்டி முடியுமட்டும் கடலுக்குள்ளயே வைச்சு அனுப்பினது. என்ர மகள். அவளுக்கு இதுதான் தொழில். உடைச்சுக் காட்டுங்கோ, ராசன்.”

கத்தியின் பின்பக்கத்தால் ஒரு தட்டு. மூடி கழன்றது. கரை முட்டச் சதை, நடுவில் சினை. அந்த அக்கா கையில் இருந்த பையை அகலத் திறந்து பிடித்தார்.

பதினொரு மணிக்குப் பெட்டியில் சாக்கு மட்டும். ராசன் அண்ணை கை கழுவாமலே ஆரணிக்குப் போன் எடுத்து, கிழமைக்கு ஒரு பலட் என்று சொல்லிவிட்டார். நான் எட்ட நின்று அழுதேன், வெங்காயப் பெட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டு.

இப்போது ஏழு மணி. ஆரணி அழைத்தாள். கூட்டுறவுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஜனவரியில் இருந்து பெர்மனன்ட்.

“அப்பாட்டக் குடுங்கோ.”

“அப்பா இன்னும் வரேல்லை. கடையிலதான்.”

“நண்டு காலமையே முடிஞ்சுதெண்டு சொன்னீங்கள். அங்க என்ன செய்யிறார்?”

“வாற ஆக்களுக்கு நண்டு முடிஞ்சுதெண்டு சொல்லுறார்” என்றேன். “அது ஆருடைய மகள் அனுப்பின நண்டு எண்டும்.”