எனக்காகப் பால்குடம் சுமந்த அண்ணனுக்கு

என் உயிர் அண்ணே,

உங்களை அடக்கம் செய்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. கல்லறைக்கு இன்னும் கல் வைக்கவில்லை. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று எழுதக் கொடுத்திருந்தேன். பாஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

"சிஸ்டர், பேரும் தேதியும் போதும். அந்த வரி வேணாம்" என்றார். ஞானஸ்நானம் வாங்கிய பிறகு தைப்பூசத்தில் பால்குடம் எடுத்தவர் நீங்கள். தப்பு என்று கடைசிவரை சபையில் சொல்லவுமில்லை. அதனால் ரட்சிப்பை இழந்துவிட்டீர்களாம். பக்கத்திலிருந்த சபை மூப்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒருதரம் ரட்சிக்கப்பட்டவன் எப்படி பாஸ்டர் அத இழப்பான்?" இருவரும் பைபிளைப் புரட்டிப் புரட்டி வாதாடினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. என் அண்ணன் என்ன கோர்ட்டு கேஸா?

ஆனால் அவர்களை என்ன சொல்ல? போட்டுக்கொடுத்தவளே நான்தானே! வீட்டு ஜெபக் கூட்டத்தில் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டபோது, "அண்ணன் பால்குடம் எடுத்துட்டாரு, அவருக்காக ஜெபிங்க" என்று அழுதுகொண்டே சொன்னேன். ஜெபிக்கத்தானே சொன்னேன்? அடுத்த மாதமே உங்களுக்கு அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்தை நிறுத்திவிட்டார்கள்.

யாருக்காக எடுத்தீர்கள் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன், பாவி. ஈப்போ ஆஸ்பத்திரியில் நான் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தபோது முருகனிடம் நீங்கள் வேண்டிக்கொண்டது அது. நானோ சபை ஜெபத்தால்தான் பிழைத்தேன் என்று மைக் பிடித்துச் சாட்சி சொல்லிவிட்டேன். அதைப் போய் எப்படி மாற்றிச் சொல்வது?

நாம் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்று நம்மை வெளியேற்றிய வருஷம், என்னை முதன்முதலாகச் சபைக்குக் கூட்டிப் போனதே நீங்கள்தான். அந்தத் தைரியத்தில், திருவிருந்தை நிறுத்திய பிறகு ஒருநாள் கேட்டேன்: "ஏண்ணே, ஏசப்பாவ வுட்டுட்டீங்களா?"

"பயத்துல நான் கைய வுட்டேன்னே வையி. அவரு வுட மாட்டாரு லா. நீ சாப்ட்டியா?"

அன்றைக்கு அது எனக்குப் போதுமாக இருந்தது. இப்போது பாஸ்டர் பேச்சைக் கேட்டபின் தூக்கமே இல்லை. அவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால்? என் உடம்புக்காக உங்கள் ஆத்துமாவையே கொடுத்துவிட்டீர்களா அண்ணே? அங்கே யாராவது உங்களைச் சேர்த்துக்கொண்டார்களா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து நிற்பேன். அந்தக் குடம் எனக்காக என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். கேட்ட பிறகும் உங்களுக்கு அந்த வரி கிடையாது என்றால், நான் செத்தால் என் கல்லிலும் எழுத வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் எங்கேயோ, அங்கேயே எனக்கும் இடம் போதும்.

உங்களால் பிழைத்துக் கிடக்கும் தங்கச்சி,
ராணி