என் முகத்தை யாரும் பார்க்கவில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, வாய் வழக்கம்போல நன்றாகவே இருக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்புதான். ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் எங்கள் கம்பெனியில் இனிமேல் சூப்பர்வைசர் நான் சொல்லி வேலை நடக்கக் கூடாதாம், ஆட்களே கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டுமாம், அதற்கு அவர்களைப் பழக்குவதுதான் என் வேலையாம். பழகிவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை என்று முதலாளியிடம் கேட்டேன். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

எந்த மிஷினில் எதைப் போடுவது, யாருக்கு லீவு, எல்லாவற்றுக்கும் என்னிடமே வந்து நிற்பார்கள். நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றால் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் வேண்டாம் என்று அர்த்தமாம், தொண்டையைக் கனைத்தால் சரி என்று அர்த்தமாம், இது எனக்கே தெரியாது. தொலையட்டும் என்று நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். இஸ்திரி போடும் அம்மாள், அவளை எல்லாரும் மைக் செட் என்பார்கள், பக்கவாட்டில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சார் கனைச்சிட்டாரு என்று கூடமெல்லாம் கேட்கக் கத்தினாள். எனக்குச் சளி பிடித்திருந்தது கண்ணு, அவ்வளவுதான். தப்பாகச் செய்வது கண்ணெதிரே தெரியும்போது வாயை மூடிக்கொண்டு இருப்பதைப்போல ஆளைக் களைக்க வைக்கிற வேலை வேறு இல்லை.

கடைசியில் ஜுரம் என்று பொய் சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன். போனைக் கையிலேயே வைத்திருந்தேன், வரவேயில்லை. திரும்பிப் போன பிறகுதான் பெரிய மிஷின் நடுவில் நின்றுபோன கதை தெரிந்தது. நானாக இருந்தால் எல்லாரையும் நிறுத்திவைத்துச் சின்ன மிஷினிலேயே அடித்துப்பிடித்து முடித்திருப்பேன். இவர்கள் ஆப்பரேஷன் அறைத் துணியை மட்டும் துவைத்து அனுப்பிவிட்டு, வார்டுத் துணி மறுநாள்தான் என்று மைக் செட்டை விட்டே ஆஸ்பத்திரிக்குச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களும் சரி என்றுவிட்டார்கள். எல்லாரும் நேரத்துக்கு வீடு போயிருக்கிறார்கள். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டால், ஜுரத்துல கிடக்கிற மனுஷனை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டோம் சார் என்றாள் மைக் செட். அன்று சாயங்காலம் வரை என் முகத்தை யாரும் பார்க்கவில்லை, நான் வேண்டுமென்றே கனைத்துக்கூடப் பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

நீ வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். எங்களை அங்கே வந்து இருக்கச் சொல்லி நீ கூப்பிட்டபோதெல்லாம், நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தேன், நீயும் அலுத்துப்போய் விட்டுவிட்டாய். இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பாரேன்.

இப்படிக்கு,
உன் அப்பா