என் படத்துக்குக் கீழே கேப்டன்னு

அன்பு மகள் ஜெமிமாவுக்கு அப்பா எழுதுறது. மாதா தயவுல நானும் அம்மாவும் சுகமா இருக்கோம், அந்தக் குளிர்ல நீயும் சளி இருமல் இல்லாம இருக்கணும்னு செபமாலை சொல்லும்போதெல்லாம் வேண்டிக்கிடுதோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

என் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்குன்னு போன்ல கேட்டியே, அதை வாயால சொல்ல முடியல, அதான் எழுதுதேன். வீரபாகுன்னு ஒருத்தன் நடத்துற கம்ப்யூட்டர் சென்டர்ல வெப் பேஜ் போடப் படிக்கப் போறேன்னு சொன்னேன்லா. தலைப்புக்கு ஒரு குறி, படத்துக்கு ஒரு குறி, தலைப்புக்குத் திறந்த குறிய மூட மறந்தா அடுத்த எழுத்தெல்லாம் பூதம் மாதிரி பெருசாயிடும். பழகுறதுக்கு என்னையப் பத்தியே ஒரு பக்கம் போட்டேன், ரோச், கப்பல் சமையல்காரர்னு தலைப்பு, வெள்ளைச் சட்டையோட டெக்ல நிக்கிற படம், கீழ வீட்டு விலாசம். திரையில வந்தப்போ நெஞ்சு விம்மிப்போச்சு, உங்க அம்மாதான் தொப்பையக் கொஞ்சம் வெட்டக்கூடாதான்னு கேட்டா.

போன வாரம் சாத்தான்குளத்துல இருந்து பேச்சிச்செல்வின்னு ஒரு பொண்ணு கைப்பிள்ளையோட வாசல்ல வந்து நின்னா. என்னையப் பாத்ததும் கேப்டன் ஐயான்னு கால்ல விழப் போனா, எனக்கு உடம்பே கூசிப்போச்சு. போன எடுத்துக் காட்டுனா. என் பக்கந்தான், என் படந்தான். சமையல்காரரை அழிச்சிட்டுக் கேப்டன்னு போட்டு, வெளிநாட்டுக் கப்பல்ல வேலை வாங்கித் தாரேன்னு எழுதி, அந்த வீரபாகு தன் நம்பரக் கொடுத்திருக்கான், விலாசத்த எடுக்க மறந்துட்டான். அவ வீட்டுக்காரர் பணத்தையும் பாஸ்போர்ட்டையும் கொடுத்துட்டு, இருந்த வேலையையும் விட்டுட்டு உக்காந்திருக்காராம், இப்போ அவன் போனே எடுக்கதில்லையாம். உங்க மூஞ்சியப் பாத்துத்தான் நம்புனோம்னு அவ சொன்னா.

அவளையும் கூட்டிக்கிட்டு சென்டருக்குப் போனேன். வீரபாகு டீய உறிஞ்சிக்கிட்டே, உங்களுக்கு ராசியான மூஞ்சி அண்ணாச்சி, உங்களுக்கும் ஒரு பங்கு தாரேன், சத்தம் போடாதீங்கன்னு சொல்லுதான், அதுவும் அவளை முன்னால வச்சுக்கிட்டே! ச்சீ. கப்பல்ல புழு வச்ச இறைச்சிய இந்தக் கையால அள்ளிக் கொட்டியிருக்கேன் மவளே, அப்பக்கூட இப்படி அருவருப்பு வந்ததில்ல. நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தோம். அவங்க வந்து டிராயரைத் திறந்தா பாஸ்போர்ட்டா கிடக்கு. பக்கத்த அன்னைக்கே எடுக்க வச்சாங்க. பேச்சிச்செல்விக்கு ரெண்டு நாள் அலைஞ்சு வீட்டுக்காரர் பாஸ்போர்ட் கைக்கு வந்துட்டு, பணந்தான் வருமான்னு தெரியல.

இனி கம்ப்யூட்டர் பக்கமே போகாதீங்கன்னு அம்மா சொல்லுதா. நான் கேக்கல. உன்கூடப் படிச்ச ஜெஸ்மி வந்து பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டா, நானே புதுசா ஒரு பக்கம் போட்டேன். நான் சமையல்காரன், யாருக்கும் கப்பல் வேலை வாங்கித் தாரவன் இல்ல, என் பேரச் சொல்லி எவனாவது பணமோ பாஸ்போர்ட்டோ கேட்டா கொடுக்காதீங்கன்னு எழுதியிருக்கேன். படம் போடவா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன், கடைசியில போட்டுட்டேன். ஏமாந்தவங்க அந்த மூஞ்சியத்தானே தேடுவாங்க.

நீ வேலை மாறப்போற ஆஸ்பத்திரிய இன்டர்நெட்ல பாத்துத்தான் முடிவு பண்ணுனேன்னு சொன்னியே, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால ஒருதடவ நேர்ல போய்ப் பாத்துட்டு வா. மறந்துராத. மாதா உன் தலைமேல கை வச்சுக் காக்கட்டும்.

உன் அப்பா,
ரோச்
தூத்துக்குடி