அடிக்கிறவன்ரை கை

தோர்ண்டன் ஹீத்
28-02-2003, வெள்ளி இரவு

அன்புள்ள அண்ணை,

இதை ஒருவருக்கும் காட்ட வேண்டாம். கூடாரத்தில் உங்களோடு படுக்கிறவர்களுக்கும் வேண்டாம், திரும்பி வந்த பிறகு அம்மா அப்பாவுக்கும் வேண்டாம். வாசித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

தமிழில்தான் எழுத வேண்டும் என்று சொன்னீர்கள். ஆங்கிலத்தில் எழுதினால் உங்கள் கூட்டாளிகள் பறித்துச் சத்தமாக வாசிப்பார்கள் என்றீர்கள். சரி. ஆனால் தமிழில் எழுதினால் அம்மா வாசிப்பா. அதை யோசித்தீர்களா? ஆங்கிலக் கடிதம் என்றால் மேசையில் விரித்து வைத்துவிட்டுப் போனாலும் பயமில்லை, அம்மா அதன் மேல் கறிச்சட்டியை வைப்பா. இப்போது போர்வைக்குள் டோர்ச் லைட்டோடு கிடந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில்தான் ஒருவரும் கதவு தட்டுவதில்லையே. துவைத்த உடுப்பை அள்ளிக்கொண்டு அம்மா அப்படியே தள்ளிக்கொண்டு உள்ளே வருவா.

நீங்கள் இன்னும் ஜெர்மனியில் சாமான் கிடங்கில் வேலை செய்கிறீர்கள் என்றுதான் அவ நினைத்துக்கொண்டிருக்கிறா. நாங்கள் எல்லோரும் முன்பு இருந்த நாடு என்பதால் அவவுக்கு அதில் பெரிய ஆறுதல். உங்கள் பிரிட்டிஷ் படையின் முகாம் அங்கேதான் என்பது பொய்யில்லை. ஆனால் இப்போது நீங்கள் அங்கே இல்லையே. போன ஞாயிறு நீங்கள் போன் எடுக்காததற்கு, போன் கார்ட்டில் காசு முடிந்திருக்கும் என்று சொன்னேன். “அங்கை குளிர் கூட. காதை மூடிக்கொண்டு போகச் சொல்லு” என்றா. நீங்கள் மணலில் வெந்துகொண்டிருக்கிறீர்கள்.

அப்பாவுக்குப் பெற்றோல் செட்டில் மறுபடி இரவு ஷிப்ட். கால் வீக்கம் கொஞ்சம் குறைவு.

நத்தார் லீவு முடிந்து நீங்கள் போகும்போது, ஈஸ்ட் குரோய்டன் ஸ்டேஷனில் உங்கள் பை திறந்து அந்த ஆமிச் சப்பாத்து வெளியே விழாமல் இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திராது. தெரியாமலே இருந்திருக்கலாம். ஏன் அண்ணை பீரங்கி? சமையல், லொறி ஓட்டுவது என்று வேறு ஒன்றும் இல்லையா? எங்கள் வீட்டிலிருந்து போகிறவருக்கு அந்த வேலைதானா கிடைத்தது?

பதிலை என் வகுப்பு லக்‌ஷிகா வீட்டு விலாசத்துக்கே போடுங்கள். பள்ளிக்கூடத்துப் பேனா நண்பர் என்று அவளின் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

உங்கள் தங்கச்சி
பெனிற்றா


குவைத்
11-03-2003

அன்புள்ள பெனி,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை, மன்னித்துக்கொள். சப்பாத்துக்குள் இருக்கிறது. நீ பயந்தபடியே ஒரு ஸ்கொட்லாந்துக்காரன் பறித்தான். தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இதென்னடா, உன்ரை தங்கச்சி சுவெட்டர் பின்னுற விதம் எழுதி அனுப்பியிருக்கிறாளோ?” என்று கேட்டான். ஓம் என்றேன். தனக்கும் ஒன்று பின்னச் சொல்லுகிறான்.

இங்கே தேத்தண்ணீரிலும் மணல், பல்லிடுக்கிலும் மணல். இரவில் நீ நினைப்பதைவிடக் குளிர். காதை மூடித்தான் இருக்கிறேன். பயிற்சியில் பீரங்கி வெடிக்கும்போது எல்லோரும் மூடுகிறோம். ஆகவே அம்மா சொன்னதைக் கேட்கிற பிள்ளைதான் நான்.

ஏன் பீரங்கி என்று கேட்டாய். ஏ-லெவல் பரீட்சை சறுக்கிய பிறகு அப்பாவுக்குப் பக்கத்தில் பெற்றோல் செட்டில் போய் நிற்க மனம் வரவில்லை. படையில் சேர்க்கிற கந்தோருக்குப் போனேன். சோதனையில் கணக்கு நன்றாகச் செய்திருக்கிறாய், பீரங்கிக்குப் போ என்றார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் வேண்டாம் என்று அந்த மனுசன் கேட்டிருப்பான். அன்ரனைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்திருக்கும். அந்த மேசைக்கு முன்னால் இருந்து தம்பியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஏலவில்லை. கையெழுத்து வைத்தேன்.

கடைசியில் கணக்கும் இல்லை. குண்டைத் தூக்கி உள்ளே வைப்பதுதான் என் வேலை. ஒரு குண்டு, அம்மா டூட்டிங்கில் வாங்குகிற பெரிய அரிசி மூட்டை இரண்டின் பாரம். எங்கே அடிப்பது என்று ரேடியோவில் எண்கள் வரும், அதற்குக் குழாய் திரும்பும். அது விழுகிற இடத்தை நாங்கள் பார்ப்பதேயில்லை. கண்ணுக்கு எட்டாத தூரம்.

சண்டை வராது என்றும் சிலர் சொல்கிறார்கள். நான் வந்து என் வாயாலேயே அம்மாவுக்குச் சொல்வேன். அதுவரை நீ சொல்லாதே. சத்தியம் பண்ணியிருக்கிறாய்.

அன்பு அண்ணா
டெனுசன்


தோர்ண்டன் ஹீத்
22-03-2003, சனி இரவு

அன்புள்ள அண்ணை,

இதையும் ஒருவருக்கும் காட்ட வேண்டாம்.

சண்டை தொடங்கிவிட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் டிவி அணைவதே இல்லை. நேற்று இரவு பாலைவனத்தில் வரிசையாகப் பீரங்கிகள் அடிப்பதைக் காட்டினார்கள். வெளிச்சம் வரும், பிறகு சத்தம் வரும், ஹெல்மெட் போட்ட யாரோ குனிவார்கள், தூக்குவார்கள். முகம் தெரியவில்லை. ஒவ்வொருவரின் முதுகையும் உங்கள் முதுகா என்று பார்த்தேன்.

அம்மா சோபாவில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. கத்தியைக் கீழே வைத்தா. டிவியைப் பார்த்து, “அடிக்கிறவன்ரை கை விளங்காமல் போகும். பெத்தவளுக்கு அவன்ரை கை உதவாமல் போகும்” என்று சொன்னா.

நான் எழும்பி டிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.

அப்பா, “சும்மா இரும் லூர்து. அது எங்கடை சண்டையே?” என்றார்.

“ஷெல் எல்லாம் ஒரே ஷெல்தான். அடிக்கிறவன் எல்லாம் ஒருத்தன்தான்” என்றா. பிறகு கத்தியை எடுத்து மிச்ச வெங்காயத்தை உரித்தா.

அன்ரன் ஷெல் விழுந்து செத்தபோது எனக்கு இரண்டு வயது, ஒன்றும் ஞாபகம் இல்லை. மன்னாரில் அவனை எடுத்துக்கொண்டு போன பிறகு அம்மா முற்றத்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, ஷெல் வந்த திசைக்குத் தூற்றிச் சாபம் போட்டா என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். உங்களுக்கு அப்போது ஏழு வயது. பார்த்துக்கொண்டு நின்றேன் என்றீர்கள். அதே சொல்தான் அண்ணை இது. பெற்ற தாய் வயிறெரிந்து சொன்னால் பலிக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதில் எனக்கு நம்பிக்கையில்லை என்று பகலில் சொல்லலாம்.

இன்று ரிமோட்டிலிருந்து பற்றறியைக் கழற்றி ஒளித்தேன். அம்மா எழும்பிப் போய்ப் பொத்தானை அமத்தினா. நாளைக்கு வயரைப் பிடுங்கினாலும் அவவுக்குச் செருகத் தெரியும். “அப்படிச் சொல்லாதையுங்கோ அம்மா, பாவம்” என்றேன். “ஆர் பாவம்? அடிக்கிறவனோ?” என்று என்னை ஒரு பார்வை பார்த்தா.

சொன்னால் நிறுத்துவா. சொன்னால் உங்களுக்குப் பண்ணிய சத்தியம் போய்விடும். அம்மா என்ன ஆவா என்றும் தெரியாது. நான் என்ன செய்ய? எனக்கு வழி தெரியவில்லை. கோயிலில் படையில் இருக்கிறவர்களின் பெயர்களை ஃபாதர் கேட்டிருக்கிறார், காலை ஒன்பது மணி ஆங்கிலப் பூசையில் மன்றாட. அந்தப் பூசைக்கு எங்கள் ஆட்கள் ஒருவரும் போவதில்லை. நாளைக்கு லக்‌ஷிகா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போய் உங்கள் பெயரைக் கொடுக்கப் போகிறேன். அம்மா சொல்வதற்கு எதிராக ஒருவராவது ஏதாவது சொல்ல வேண்டும்.

கவனம் அண்ணை.

பெனிற்றா


26-03-2003

பெனி,

உன் அடுத்த கடிதம் இன்னும் வரவில்லை, வழியில் இருக்கும். இது சின்னக் கடிதம். நித்திரை இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான். கையில் ஒன்றுமில்லை, காலில் ஒன்றுமில்லை, சுகமாக இருக்கிறேன்.

எல்லையைத் தாண்டி வந்துவிட்டோம். அடிக்கிறோம், நகர்கிறோம், திரும்ப அடிக்கிறோம். நேற்று ஒரு ஊரைத் தாண்டிப் போனோம். அங்கே விழுந்தது எங்களுடையதா என்று தெரியாது. கேட்டேன். “அதை ஏன் கேட்கிறாய்?” என்றார்கள்.

வீதிக்கரையில் ஒரு பெண் நின்றாள். அம்மாவின் வயது இருக்கும். நாங்கள் கிட்டப் போகும்போது குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி எங்கள் பக்கம் வீசினாள். திரும்பக் குனிந்தாள், திரும்ப வீசினாள். ஏதோ சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஸ்கொட்லாந்துக்காரன் கை காட்டினான், “கிழவிக்குக் குறி வைக்கத் தெரியாது” என்றான். அவள் கல் எறிகிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

எனக்கு அவளின் மொழி தெரியாது. மற்றதெல்லாம் தெரியும்.

நான் குனிந்து என் கையைத்தான் பார்த்தேன், பெனி. ஏன் என்று உனக்கு விளங்கும்.

அம்மா இன்னும் அந்தச் சொல்லைச் சொல்கிறாவா? டிவியில் எங்களைக் காட்டும்போது சொல்கிறாவா? எப்படியாவது நிறுத்து. என்னைப் பற்றிச் சொல்லாமல் நிறுத்து. எப்படி என்று எனக்குத் தெரியாது.

டெனுசன்


தோர்ண்டன் ஹீத்
03-04-2003, வியாழன் இரவு

அன்புள்ள அண்ணை,

இதைக் காட்ட வேண்டாம் என்று எழுதத் தொடங்கினேன். இனி யாருக்குக் காட்டாமல் விடுவது?

உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் லக்‌ஷிகாவின் கையில் வந்தது. மதிய இடைவேளையில் பள்ளிக்கூடக் கழிவறையில் நின்று வாசித்தேன். நீங்கள் நிறுத்தச் சொல்கிறீர்கள். அது நின்றுவிட்டது. எப்படி நின்றது என்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

நான் கொடுத்த பெயரை ஃபாதர் ஒரு தாளில் எழுதி, வாசகம் வாசிக்கும் மேடையில் வைத்துவிட்டார். நான் யோசித்தது காலைப் பூசையை மட்டும். மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் தமிழ்ப் பூசையும் அதே கோயிலில், அதே மேடையில் என்பது என் மரமண்டைக்கு வரவில்லை. தமிழ்ப் பூசைக்கு வந்த சாமியார் அந்தத் தாளைக் கண்டிருக்கிறார். அதில் எங்கள் ஆட்களின் பெயர் ஒன்று இருப்பதைக் கண்டு அவருக்குச் சந்தோசமாக இருந்திருக்கும். மன்றாட்டு நேரம் சத்தமாக வாசித்தார்: “ஈராக்கில் பீரங்கிப் படையில் பணிபுரியும், நமது சமூகத்தின் பிள்ளை டெனுசன் சவிரிமுத்துவுக்காக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.”

எல்லோரும், “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றார்கள்.

அம்மாவும் சொன்னா அண்ணை. எனக்குப் பக்கத்தில்தான் நின்றா. பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அவ திரும்பி என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன். அடுத்த மன்றாட்டு மழைக்காக... இல்லை, நோயாளர்களுக்காக. எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அதற்கு அவ வாய் திறக்கவில்லை.

அன்று இங்கே அன்னையர் தினம். வாசலில் காலையில் மிஞ்சிய மஞ்சள் பூக்களைத் தாய்மாருக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். பியற்றிஸ் அக்கா ஓடி வந்து, “லூர்தக்கா, உங்கடை மகன் ஆமியிலையோ? சொல்லவேயில்லை! கள்ளி!” என்று தோளில் தட்டினா. அம்மா, “ஓம்” என்றா. அவ்வளவுதான். பஸ்ஸில் வீடு வரும்வரை பூவைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தா. வீட்டுக்கு வந்து அதை ஜாம் போத்தலில் வைத்தா.

அதிலிருந்து டிவி போடவில்லை. அப்பா அன்று வேலையில் நின்றதால் அவருக்கு ஒன்றும் தெரியாது. “என்னப்பா, டிவி பழுதோ?” என்று கேட்டார். “ஓம், பழுது” என்றா. சமைக்கிறா, வேலைக்குப் போகிறா, வருகிறா. இரவில் செபமாலை சொல்வதில்லை. ஏசினாலும் பரவாயில்லை, அடித்தாலும் பரவாயில்லை. என் முகத்தைப் பார்க்காமல் சோறு போடுகிறா. “அம்மா” என்று கூப்பிட்டால், “சாப்பிடு” என்கிறா.

உங்களைக் காட்டிக்கொடுத்தது நான்தான். உங்களைக் காப்பாற்றத்தான் போனேன். உங்கள் கைக்கு ஒன்றும் இல்லையே? கடிதம் எழுதிய கை உங்களுடையதுதானே? எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. அது நித்திரை இல்லாததால் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் நீங்கள் ஒருமுறை

அண்ணை, படியில் யாரோ ஏறி வரும் சத்தம். அப்பா வேலைக்குப் போய்விட்டார். வாசலில் வந்து நிற்கிறது. உள்ளே வரவில்லை. எங்கள் வீட்டில் ஒருவரும் கதவைத் தட்டுவதில்லையே, இப்போது தட்டு



தம்பி டெனுசன்,

தட்டினது நான்தான். பிள்ளை பயந்துபோய்த் தாளைப் போர்வைக்குள்ளை ஒளிக்கப் பார்த்தாள். நான் பறிக்கேல்லை. அவளாய்த் தந்தாள். உன்ரை கடிதங்களையும் தந்தாள். எல்லாம் வாசிச்சன். இப்ப அழுதழுது எனக்குப் பக்கத்திலை படுத்துக் கிடக்கிறாள். மிச்சத் தாளிலை நான் எழுதுறன்.

அப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை. அவருக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை.

ஏன் போனாய் எண்டு நான் கேக்கேல்லை. கேட்டு என்ன? நீ அங்கை நிக்கிறாய்.

அந்த மனுசி மண் அள்ளினதை வாசிச்சன். அவவோடை எனக்குக் கோவமில்லை. நானெண்டாலும் அதைத்தான் செய்திருப்பன். நீ அவவைப் பார்த்துச் சிரிக்கேல்லை எண்டு விளங்குது. அது எனக்குக் காணும், போதும்.

நான் சொன்னதைத் திருப்பி எடுக்கலாமோ எண்டு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யோசிக்கிறன். எடுக்க ஏலாமல் கிடக்கு மகன். அது அன்ரனுக்காகச் சொன்னது. அந்தப் பிள்ளைக்கெண்டு என்னாலை செய்ய முடிஞ்சது அது ஒண்டுதான். அதையும் எப்பிடி அவனிட்டை இருந்து பறிக்கிறது? கோயிலிலை உன்ரை பேருக்கும் இந்த வாய்தான் கேட்டருளும் எண்டு சொன்னது. ரெண்டும் ஒரே வாயிலையிருந்து மேலை போயிட்டுது. ஆண்டவர் எதைக் கேப்பாரோ எனக்குத் தெரியாது.

தண்ணி நிறையக் குடி. கையைக் கவனமாய் வைச்சிரு.

அம்மா