பூண்டு போட்ட கஞ்சி

அன்புள்ள உங்களுக்கு,

"குடிக்க ஆளில்லன்னு இந்தப் பாலுக்கு யாரும்மா சொல்றது?" என்று நம் மகள் இன்று காலை கேட்டாள். போனில் உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

குறைமாதக் குழந்தைக்கு உறிஞ்சத் தெம்பில்லை என்றுதான் பம்ப் வைத்து எடுத்தோம். புட்டியின் அடி நனைந்தால் பெரிது. "என்ன பாட்டி, பேத்திக்கு இன்னைக்கு விருந்தா?" என்று நர்ஸ் அதை வாங்கிக்கொள்வாள். பூண்டு தின்றால் பால் ஊறும் என்பதை நான் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் தினமும் ஓட்ஸ் கஞ்சியில் பூண்டைத் தட்டிப் போட்டேன். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை மட்டும் அழைத்துவந்த பிறகு பால் பெருகிவிட்டது. சட்டையெல்லாம் நனைகிறது. எடுக்க எடுக்க ஊறும், விட்டுவிட்டால் மெல்ல வற்றிவிடும் என்கிறார் டாக்டர்.

இன்று காலை, கைப்பழக்கத்தில், அதே கஞ்சியை அவள் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அப்போதுதான் அப்படிக் கேட்டாள். அதன்பின் நாள் முழுக்க எதையும் தொடவில்லை.

லீவு கிடைத்து வரும்போது, பேத்திக்கென்று வாங்கிய கம்பளியை எடுத்துவர வேண்டாம்.

நேற்று விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். இன்று காலை அவளாகவே சமையலறைக்கு வந்தாள். சட்டை மாற்றியிருந்தாள்.

"பசிக்குதும்மா. கஞ்சி குடு. பூண்டு போடாத."

போடவில்லை. நின்றுகொண்டே குடித்து முடித்தாள்.

உங்கள் மனைவி