ஜோரி பார்க்காமல் வந்த மணி

போர்த்மெல்லன், கார்ன்வால்
4 மே 1987

அன்புள்ள ஹெஸ்டர்,

தங்கை வீட்டில் நலம்தானே? இங்கே என் மானம் போயிற்று. ‘லேடி ரோஸ்வின்’ நீராவிக் கப்பல் மூழ்கிக் கிடக்கும் இடத்தில், வழக்கம்போல அதன் பெயர் பொறித்த மணியைத் தேடி முங்கியபோது, சிப்பி ஒட்டிய வட்டச் சன்னல் ஒன்றை எடுத்தேன். மதுக்கடையில் எல்லோரும் எனக்கு பீர் வாங்கித் தந்தார்கள். படகுக்காரர் கிளெம் சும்மா இராமல் சிப்பியைச் சுரண்டினார். ‘கதவைத் திறக்குமுன் சுவிட்சை அணைக்கவும்’ என்ற எழுத்து தெரிந்தது.

“ஏம்ப்பா ஜோரி, விக்டோரியா ராணி காலத்துலயே கப்பல்ல வாஷிங் மெஷின் இருந்துச்சாக்கும்?” என்றார்.

அதிலிருந்து யாரும் எனக்குத் துணையாக முங்க வருவதில்லை. தனியாக இறங்கக் கிளெம் விடமாட்டார். இரண்டு மாடி ஆழம்கூட இல்லை. நீ வருவாயா?

உன்,
ஜோரி

பிளிமத்
9 மே

ஜோரிக்கு,

நான் சிரித்த சிரிப்பில், அழுகிறேனோ என்று தங்கை ஓடி வந்தாள்.

கப்பல் மேல் எனக்குக் கோபமில்லை. என் அறுபதாவது பிறந்தநாளில், கேக் வெட்டும் நேரத்தில், “இதோ வந்துடறேன்” என்று கடலுக்குப் போனாய். வந்தபோது விருந்தாளி ஒருவர்கூட இல்லை. அதற்குத்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன்.

வருகிறேன். ஆனால் நான் கட்டைவிரலை மேலே காட்டினால், அந்த நிமிடமே நீயும் மேலே வரவேண்டும். இதுவரை ஒருநாளும் நீ வந்ததில்லை.

ஹெஸ்டர்

போர்த்மெல்லன்
18 மே

அன்புள்ள ஹெஸ்டர்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? முகமூடிக்குள் தண்ணீர் புகுந்ததே, கண் எரிச்சல் தணிந்ததா? கொதிகலனுக்குள்ளிருந்து அந்த விலாங்கு தலையை நீட்டியபோது என் கையை நசுக்கிவிட்டாய். விரல் இன்னும் வீங்கியிருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

ஜோரி

பிளிமத்
22 மே

என் ஜோரி,

வேறு விசேஷம் இல்லையா? கிளெம் தொலைபேசியில் எல்லாம் சொல்லிவிட்டார். நான் விரலைக் காட்டியபோது உன் முழங்காலருகே மணலில் கப்பலின் மணி பாதி தெரிந்ததாமே. பெயர்கூட இருந்ததாமே. ஏன் நின்று பார்க்கவில்லை என்று கேட்டதற்கு, “அவ மேல வரச் சொன்னா, வந்துட்டேன்” என்றாயாம். வாழ்நாளெல்லாம் தேடிய மணி. படகில் என் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டு வாயே திறக்கவில்லையே நீ!

நாளை மதியப் பேருந்தில் வருகிறேன். கிளெம் ஊர் முழுக்கச் சொல்வதற்குள் நாம் இறங்கிப் பார்த்துவிடவேண்டும். கட்டிலில் என் பக்கத்தில் உன் ஈர ரப்பர் உடையைத்தான் காயப் போட்டிருப்பாய், தெரியும். எடுத்துவிடு.

உன்,
ஹெஸ்டர்